ஹார்மோனுக்கு எதுக்குங்க கேரக்டர் சர்டிபிகேட்?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, பாதி டைப் அடிச்சு, அப்புறம் தூக்கிப் போட்ட பதிவு இது. போன வாரம் காலேஜ் பஸ்ல கேட்ட ஒரு பேச்சு மறுபடியும் உக்கார வெச்சிடுச்சு.

ஸ்போர்ட்ஸ் டே பிராக்டிஸ் நடக்குற நேரம். எங்க ஜூனியர் பொண்ணு ஒருத்தி 400 மீட்டர்ல எல்லாரையும் அரை கிரவுண்டு பின்னாடி விட்டுட்டு ஓடினா. சாயந்திரம் பஸ் பூந்தமல்லி தாண்டி ஆவடி ரோட்டுல திரும்புறப்ப பின் சீட்டுல ஒரு குரல்: "மச்சி, இவளுக்கு எதுக்கும் டெஸ்ட் எடுத்துப் பாக்கணும்டா". பஸ் மொத்தமும் சிரிச்சுது. அந்தப் பொண்ணும் சிரிச்சா. மேலுதட்டை கையால மறைச்சுக்கிட்டு சிரிச்சா. அதை நான் பாத்தேன். மறுநாள் அவ பிராக்டிஸுக்கு வரலை.

அடுத்த தமாஷ் என்னன்னா, டெஸ்ட் எடுக்கணும்னு சொன்ன அண்ணாத்தை அம்பத்தூர் பக்கம் ஒரு ஜிம்முல ஊசி போட்டு உடம்பு ஏத்துறவரு. அதை அவரே பெருமையா எல்லார்கிட்டயும் சொல்லியிருக்காரு. அவருக்கு யாரும் டெஸ்ட் எடுக்கச் சொல்லலை. ஏன்னு கடைசியில சொல்றேன்.

முதல்ல ஒரு பழைய கதை. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க :)

2006 டிசம்பர், தோஹா. ஆசிய விளையாட்டுப் போட்டியில பெண்கள் 800 மீட்டர். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சிங்கிற கிராமத்துல செங்கல் சூளைத் தொழிலாளியோட மகளாப் பொறந்த சாந்தி சவுந்தரராஜன் வெள்ளி ஜெயிச்சாங்க. அதுக்கு முந்தின வருஷம் 2005-ல தென்கொரியாவுல இன்சியான் நகரத்துல நடந்த ஆசிய தடகளப் போட்டியிலயும் இதே 800-ல வெள்ளி வாங்கினவங்கதான். சரியான சாப்பாடும் ஷூவும் இல்லாம கிளம்பின ஒரு தலித் பொண்ணு, ஆசியாவுலயே ரெண்டாவது. கொண்டாட வேண்டிய கதைதானே?

பாலின சோதனைன்னு ஒண்ணு நடத்தினாங்க. தேறலைன்னு சொன்னாங்க. பதக்கத்தைப் பறிச்சாங்க. ஒரு பொண்ணோட உடம்பைப் பத்தி அவங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும் தெரிய வேண்டிய விஷயம், டிவி சேனல் அடியில ஓடுற எழுத்தா ஊர் ஊராப் போச்சு. அவங்க மருந்து எதுவும் எடுக்கலை. யாரையும் ஏமாத்தலை. எந்த உடம்போட பொறந்தாங்களோ அதே உடம்போட ஓடினாங்க. அவ்வளவுதான் குத்தம்.

ஊக்கமருந்து போட்டு மாட்டினவனுக்குக் கூட ஒரு முறை இருக்கு. ரெண்டாவது சாம்பிளை சோதிக்கச் சொல்லிக் கேக்கலாம், விசாரணை உண்டு, மேல்முறையீடு உண்டு, தடை முடிஞ்சா திரும்பி வந்து ஓடலாம். சாந்திக்கு அந்த மரியாதை கிடைக்கலை. அன்னிக்குத் தமிழக முதல்வரா இருந்த கருணாநிதி 15 லட்ச ரூபாய் பரிசு கொடுத்தாரு, அது தனியா நிக்கிற ஒரு நல்ல காரியம். ஆனா ஓட்டம் போயிடுச்சு. 2007-ல தற்கொலைக்கு முயற்சி பண்ணிப் பொழைச்சாங்க. புதுக்கோட்டையில பிள்ளைங்களுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தாங்க. 2012-ல திரும்பவும் செங்கல் சூளையில கூலி வேலை செய்யுற படம் பத்திரிகைகள்ல வந்துச்சு. அதுக்கப்புறம்தான் பெங்களூருல பயிற்சியாளர் படிப்பு, 2016-ல தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துல பயிற்சியாளர் வேலை. நடுவுல போன பத்து வருஷத்தை யாரு திருப்பித் தருவா?

இது தெரிஞ்ச கதைதான்னு சொல்வீங்க. சரி, தெரியாத கதை ஒண்ணு சொல்றேன்.

எங்க பெரியம்மா பொண்ணு. ஆவடிதான். பேரு வேண்டாம், எழுதலாமான்னு கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் எழுதுறேன். அக்காவும் 800 மீட்டர் ஓடுவா. பள்ளிக்கூட மண்டலப் போட்டியில கப் எல்லாம் வாங்கியிருக்கா. ஆவடியில பொறந்து வளந்தவங்களுக்குத் தெரியும், விடியக்காலையில ரோட்டுல யாராவது ஓடிக்கிட்டே இருப்பாங்க. சி.ஆர்.பி.எஃப்., சிறப்புக் காவல் படைன்னு சுத்திலும் காக்கி. அதனால ஓட்டம்ங்கிறது எங்க ஊர்ல விளையாட்டு மட்டும் இல்லை, அரசாங்க வேலைக்குப் போற வழி. அக்காவுக்கும் போலீஸ் ஆகணும்னு ஆசை.

அக்காவுக்கு மாசா மாசம் தேதி சரியா வராது. மூணு மாசம், நாலு மாசம் கூட ஆகும். தாடையில நாலு முடி இருக்கும். தோஹா நியூஸ் டிவியில ஓடுறப்ப அவ பத்தாவது. எங்க ஆயா சொன்ன வார்த்தை இன்னிக்கும் வீட்டுல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு: "போதும்டி ஓடினது. அந்தப் புதுக்கோட்டைப் பொண்ணு மாதிரி உன்னையும் டெஸ்ட் எடுத்து ஊர் சிரிக்க வெச்சிடுவாங்க".

அன்னியோட அக்கா ஓட்டம் நின்னுது. அதைவிட மோசம், ஆஸ்பத்திரிக்கும் யாரும் கூட்டிட்டுப் போகலை. 'ஏதாவது ரிசல்ட் வந்துட்டா கல்யாணம் யாரு பண்ணிப்பா'ன்னு பயம். பின்னாடி ஒரு தடவை பக்கத்துல இருந்த ஒரு கிளினிக்குக்குப் போனப்ப, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்மா"ன்னு ஒரே வரியில அனுப்பிட்டாங்க. கல்யாணம் ஆச்சு. ஒண்ணும் சரியாகலை. குழந்தை இல்லைன்னு வேற டாக்டர்கிட்ட போனப்பதான் தெரிஞ்சுது, அது பி.சி.ஓ.எஸ். கூடவே சுகர். முப்பது வயசுக்குள்ள!

இப்ப இதுல இருக்குற கொடுமையைப் பாருங்க. பி.சி.ஓ.எஸ்.க்கு எந்த டாக்டரைக் கேட்டாலும் முதல்ல சொல்ற வைத்தியம் என்ன? உடற்பயிற்சி. உலக அளவில் நிபுணர்கள் சேர்ந்து 2023-ல வெளியிட்ட வழிகாட்டியும் எல்லா வயசுக்காரங்களுக்கும் சொல்றது அதைத்தான். அக்கா பதினஞ்சு வயசுல தினமும் அஞ்சு கிலோமீட்டர் அந்த மருந்தைத்தான் சாப்பிட்டுக்கிட்டு இருந்தா. ஊரு சிரிக்கும்ங்கிற பயத்துல நாமளே அதைப் புடுங்கி எறிஞ்சோம்.

சாந்திகிட்ட இருந்து பறிச்சது ஒரு பதக்கம்னுதானே நெனைக்கிறீங்க? இல்லீங்க. அந்த நியூஸைப் பாத்துட்டு எத்தனை வீட்டுல எத்தனை பொண்ணுங்க ஷூவைக் கழட்டினாங்களோ, அதையெல்லாம் யாரு கணக்கு எழுதினா?

சரி, கொஞ்சம் சயின்ஸ். நான் டாக்டர் இல்லை, பயோடெக்னாலஜி படிக்கிற சாதாரண மாணவி. ஆனா பாடப் புத்தகத்துல இருக்கிறதையாவது ஒழுங்காப் படிப்போமே.

'ஆண் ஹார்மோன்', 'பெண் ஹார்மோன்'னு பேரு வெச்சதுலதான் பாதிக் குழப்பம். டெஸ்டோஸ்டிரோன் எல்லாப் பொண்ணு உடம்புலயும் சுரக்குது. சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைச் செய்யுது. அதுமட்டும் இல்லை, ஈஸ்ட்ரோஜன் தயாராகுறதே டெஸ்டோஸ்டிரோன் மாதிரியான ஆண்ட்ரோஜன்கள்ல இருந்துதான். அரோமடேஸ்னு ஒரு நொதி அதை மாத்துது. அதாவது உங்க 'பெண்மை' ஹார்மோனோட ஒவ்வொரு துளியும் ஒரு படி முன்னாடி 'ஆண்மை' ஹார்மோனாத்தான் இருந்துச்சு! ஆம்பளைங்களுக்கும் அதே கதைதான். ஈஸ்ட்ரோஜன் இல்லைன்னா அவங்க எலும்பு வலுவா இருக்காது. நொதிக்குத் தெரிஞ்சது கூட பின் சீட்டு மச்சிக்குத் தெரியலை.

அளவு ஏறிப் போனா என்ன ஆகும்? பி.சி.ஓ.எஸ். இருக்கிற பொண்ணுங்களுக்கு ஆண்ட்ரோஜன் கொஞ்சம் கூடும், பெரும்பாலானவங்களுக்கு இன்சுலின் சரியா வேலை செய்யாது. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு ஏத்தி விடும். உலக சுகாதார நிறுவனம் 2023-ல சொன்ன கணக்குப்படி, குழந்தை பெறும் வயசுல இருக்கிற பெண்கள்ல 100-க்கு 8-ல இருந்து 13 பேருக்கு இது இருக்கு. அதுல 70 சதவீதம் பேர் வரைக்கும் தெரியாமலே இருக்காங்களாம். எங்க கிளாஸ்ல 32 பொண்ணுங்க. நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. இது ஏதோ அபூர்வம் இல்லை, நம்ம பக்கத்து பெஞ்சு.

அதுல நம்ம ஊரு எதைக் கவனிக்குது? ரெண்டே ரெண்டு. ஒண்ணு மீசை. இன்னொண்ணு குழந்தை. மூஞ்சி, கல்யாணச் சந்தையில விலை போகுமா. வயிறு, வாரிசு கொடுக்குமா. இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு முழு மனுஷி இருக்கா, அவளுக்கு ரத்தக் குழாய் இருக்கு, கணையம் இருக்கு, மனசு இருக்குங்கிறது யாருக்கும் ஞாபகம் வரலை.

உண்மையான ஆபத்து எங்க இருக்கு தெரியுமா? டைப் 2 சர்க்கரை நோய். ரத்த அழுத்தம். தூக்கத்துல மூச்சு தடைபடுறது. மனச்சோர்வு. அப்புறம் முக்கியமா ஒண்ணு: மாசக்கணக்கா பீரியட்ஸ் வரலைன்னா கர்ப்பப்பை உள்சுவர் உதிராம தடிச்சுக்கிட்டே போகும். வருஷக்கணக்கா அப்படியே விட்டா அந்தச் சுவர்ல புற்றுநோய் வர்ற வாய்ப்பு கூடும். இதைத் தடுக்க மாத்திரை இருக்கு, விலையும் பெருசு இல்லை. ஆனா 'இந்தப் பொண்ணு தலைக்குக் குளிச்சு நாலு மாசம் ஆச்சு'ன்னு வீட்டுல சத்தமா சொல்ல முடியணுமே! தைராய்டுன்னா டீக்கடையில கூட சொல்லிப் பேசுறோம். அதுவும் ஹார்மோன்தான். கழுத்துல சுரந்தா நோய், சினைப்பையில சுரந்தா மானக்கேடா? எந்த ஊரு நியாயம் இது?

ஒல்லியா இருந்தா பி.சி.ஓ.எஸ். வராதுன்னு ஒரு நெனைப்பு. தப்பு. ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும். 'சினைப்பையில கட்டி'ன்னு பயமுறுத்துறதும் பாதி தப்பு. ஸ்கேன்ல தெரியுறது பெரும்பாலும் முழுசா வளராம நின்னுபோன சினைமுட்டைப் பைகள். அதை அறுத்து எடுக்க வேண்டியதில்லை. இந்தப் பயத்தை வெச்சுதான் '30 நாளில் ஹார்மோன் பேலன்ஸ்'னு பொடி டப்பா விக்கிறாங்க. எந்த ஹார்மோன், எவ்வளவு இருந்துச்சு, எவ்வளவு ஆச்சுன்னு டப்பாவுல எங்கயாவது போட்டிருக்கா?

மறுபடி விளையாட்டுக்கு வர்றேன். 'அதெல்லாம் சரிம்மா, பெண்கள் போட்டி நியாயமா நடக்க வேண்டாமா?'ன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்விதான், மழுப்ப மாட்டேன். பருவ வயசுல டெஸ்டோஸ்டிரோன் அதிகமா சுரந்து, உடம்பும் அதை ஏத்துக்கிட்டா, தசைக்கும் ரத்தத்துக்கும் பலம் கூடும். அதனாலதான் பெண்களுக்குத் தனிப் போட்டியே வெச்சிருக்கோம். அதைக் காப்பாத்தணும்னு சொல்ற பெண் வீராங்கனைகளையும் நான் குறை சொல்லலை.

ஆனா 'உடம்பும் அதை ஏத்துக்கிட்டா'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. ஆண்ட்ரோஜன் ஏற்பின்மைன்னு ஒரு நிலை இருக்கு. குரோமோசோம் எக்ஸ்-ஒய், டெஸ்டோஸ்டிரோனும் நிறைய சுரக்கும். ஆனா செல்லுல அதை வாங்கிக்கிற ஏற்பி வேலை செய்யாது. முழுமையா ஏற்பு இல்லைன்னா பொறப்புல இருந்தே பெண் உருவம். சாவி ஆயிரம் இருந்தும் பூட்டு இல்லாத வீடு மாதிரி. ஸ்பெயின் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்ட்டினஸ் பட்டினோவுக்கு இதுதான் இருந்துச்சு. 1985-ல ஜப்பான்ல கோபே நகரத்துப் போட்டியில குரோமோசோம் சோதனையில தேறலை. பேரும் போச்சு, பதக்கமும் போச்சு. விடாம போராடி 1988-ல ஓடும் உரிமையைத் திருப்பி வாங்கினாங்க. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ல 3,387 பெண்களை சோதிச்சதுல 8 பேருக்கு ஒய் குரோமோசோம் சம்பந்தமான முடிவு வந்துச்சு. எட்டுப் பேரையும் விளையாட விட்டாங்க. இந்த சோதனையால பிரயோஜனத்தை விடக் கெடுதல்தான் அதிகம்னு 1999-ல ஒலிம்பிக் கமிட்டி எல்லாருக்கும் சோதனைங்கிறதையே நிறுத்திடுச்சு.

அதுக்கு ஏழு வருஷம் கழிச்சுதான் தோஹா. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் சாந்திக்கு அதையே செஞ்சாங்க. இதுதான் என் கோபம்.

ஒடிசாவோட டூட்டி சந்தையும் 2014-ல இப்படித்தான் காமன்வெல்த் போட்டிக்கு முன்னாடி நிறுத்தினாங்க. அவங்களுக்கு வக்கீல்கள் கிடைச்சாங்க, ஆதரவு கிடைச்சுது. 2015 ஜூலையில விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் அந்த விதியையே நிறுத்தி வெச்சுது. 2016-ல ரியோவுல ஓடினாங்க, 2018 ஜகார்த்தாவுல ரெண்டு வெள்ளி. அதே நாடு, எட்டு வருஷ இடைவெளி. ஒருத்தருக்கு வக்கீல், இன்னொருத்தருக்கு செங்கல் சூளை.

விதி அதுக்கப்புறம் நின்ன இடத்துல நிக்கலை. 2018-ல சில ஓட்டங்களுக்கு மட்டும் 5 நானோமோல்னு எல்லை. 2023-ல எல்லாப் போட்டிக்கும் 2.5. 2025 செப்டம்பர்ல இருந்து உலகத் தடகளப் பெண்கள் போட்டிகளுக்கு எஸ்.ஆர்.ஒய். மரபணு சோதனை கட்டாயம். முழுமையான ஆண்ட்ரோஜன் ஏற்பின்மை இருக்கிறவங்களுக்கு விலக்கு உண்டுங்கிறது கொஞ்சம் ஆறுதல். ஆனா அந்த விலக்கை வாங்க ஒரு கிராமத்துப் பொண்ணுக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை லேப், எத்தனை இங்கிலீஷ் ரிப்போர்ட் வேணும்? அதுக்கு யாரு காசு கொடுப்பா? ரிசல்ட்டை அவகிட்ட தமிழ்ல யாரு சொல்லுவா? அது டிவிக்குப் போகாம யாரு பூட்டி வெப்பா? கோடு எங்க போடணும்னு விஞ்ஞானிங்க அடிச்சுக்கட்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறவளை மனுஷியா நடத்தணும்ங்கிறதுக்கு எந்த விஞ்ஞானமும் வேண்டாம்.

கோர்ட்டுக்கு இது புரிஞ்சிருக்கு. கரூர் மாவட்டத்துப் பெண் காவலர் ஒருத்தரை மருத்துவ சோதனையைக் காட்டி வேலையை விட்டுத் தூக்கினப்ப, 2014 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து பண்ணுச்சு. தன்னைப் பெண்ணுன்னு சொல்ற உரிமை அவங்களோடதுன்னு சொன்னுச்சு. போலீஸ் வேலைக்கு ஓடுற ஆவடிப் பொண்ணுங்க எல்லாரும் தெரிஞ்சு வெச்சுக்க வேண்டிய தீர்ப்பு. 2019 ஏப்ரல்ல அதே நீதிமன்றத்தோட மதுரைக் கிளை, இடைப்பால் குழந்தைகளுக்கு உருவத்தை 'சரி' பண்ற அறுவை சிகிச்சை கூடாதுன்னு சொன்னுச்சு. உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் விதிவிலக்கு. அந்த ஆகஸ்ட்லயே அதைத் தமிழ்நாடு அரசு ஆணையாவும் போட்டுச்சு, இந்தியாவுலயே முதல்ல.

இங்கயும் அதே கூத்தைத்தான் பாக்கலாம். பிறவி அட்ரினல் மிகைப்புன்னு ஒண்ணு இருக்கு. அதுல கடுமையான வகை வந்த குழந்தைக்கு உடம்புல உப்பு தங்காது. மருந்து கொடுக்கலைன்னா சில வாரத்துல உயிரே போயிடும். அவசரமா செய்ய வேண்டியது ரத்தப் பரிசோதனையும் மருந்தும். ஆனா வீட்டுல முதல் கேள்வி என்ன? "ஆணா, பொண்ணா? சொந்தக்காரங்களுக்கு என்ன சொல்றது?" உப்பை விட்டுட்டு உருவத்தைப் பாக்கிற இந்தப் புத்திதான், அக்காவோட சுகரை விட்டுட்டு மீசையைப் பாத்துச்சு.

இப்ப ஜிம் அண்ணாத்தை. வெளியில இருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏத்தினா, மூளை 'போதும்'னு சொல்லி சொந்த உற்பத்தியை நிறுத்திடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு வீங்கும், ரத்தம் தடிக்கும், இதயத்துக்குக் கெடுதல். காசு கொடுத்து வாங்கின ஹார்மோன் கோளாறு! இதுக்குப் பேரு நம்ம ஊர்ல 'பாடி பில்டிங்'. பொறப்புல வந்த கோளாறுக்குப் பேரு 'டெஸ்ட் எடுக்கணும்டா'. ஆம்பளைக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறினா கெத்து, பொண்ணுக்கு ஏறினா கேவலம். அவருக்கு யாரும் டெஸ்ட் எடுக்கச் சொல்லாததுக்குக் காரணம் இதுதான். உடம்பைப் பத்தின அக்கறை ரெண்டு பக்கமும் இல்லை. (அண்ணா, நீங்க இதைப் படிச்சா கோவப்படாதீங்க. ஒரு விந்தணு டெஸ்ட்டும் ரத்த டெஸ்ட்டும் எடுத்துக்கோங்க. நெஜமாத்தான் சொல்றேன்.)

கிளாஸ் பொண்ணுங்களுக்கு நேரடியா நாலு வார்த்தை. தொண்ணூறு நாளுக்கு மேல தேதி தள்ளிப் போனா, ஒரு தடவையா இருந்தாலும், டாக்டர்கிட்ட போங்க. பி.சி.ஓ.எஸ்.னு சொன்னா சுகரும் பிரஷரும் பாத்தாங்களான்னு கேளுங்க; ஒல்லியா இருந்தாலும் கேளுங்க. தைராய்டு, புரோலாக்டின் ரெண்டும் பாக்கச் சொல்லுங்க, ஏன்னா அதுங்களாலயும் பீரியட்ஸ் தள்ளிப் போகும். "கல்யாணம் ஆனா சரியாயிடும்"னு சொன்னா, தாலியில எந்த ஹார்மோன் இருக்குன்னு கேட்டுட்டு வேற டாக்டரைப் பாருங்க. ஓடுறதை மட்டும் நிறுத்தாதீங்க.

அக்கா இப்ப பருத்திப்பட்டு ஏரிக்கரையில தினமும் காலையில நடக்குறா. முதல்ல நடை, அப்புறம் கொஞ்சம் ஓட்டம். சுகர் மாத்திரை ஒண்ணு குறைஞ்சிருக்கு. போன ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கடைசி வளைவுல என்னை விட்டுட்டு ஓடிட்டா. மூச்சு வாங்க நின்னுட்டு, "அன்னிக்கு யாராச்சும் ஓடுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சா. முடிக்கலை.

அந்த ஜூனியர் பொண்ணு இதைப் படிப்பாளான்னு தெரியலை. படிச்சா: நாளைக்கு சாயந்திரம் நாலரை மணிக்கு நான் கிரவுண்டுல இருப்பேன். உன் கூட ஓட முடியாது, ஸ்டாப் வாட்ச் பிடிக்கிறேன். வாம்மா.

டிஸ்கி: இது மருத்துவ ஆலோசனை இல்லை. இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க. திட்டணும்னா தாராளமா திட்டுங்க, ஆனா 'பொம்பளப் புள்ள இதெல்லாம் எழுதலாமா'ன்னு மட்டும் கேக்காதீங்க. பதிவு முழுக்க அதுக்குத்தான் பதில் சொல்லியிருக்கேன்.